பெயர் கேட்காத வகுப்பறை



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணன் எங்கள் சேரியில் இரவுப் பாடசாலை நடத்தியவர். அரிக்கேன் விளக்கு ஒன்று, சிலேட்டு பதினொன்று, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் விளக்கைத் தூக்கிக்கொண்டு அதன் வீட்டு வாசலில் போய் நிற்பார். நானும் அப்படி இழுத்து வரப்பட்டவன்தான். இன்று நான் இணையவழிப் படிப்புகளைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த விளக்கை மறக்காமல் கேளுங்கள்.

ஒன்றிய அரசின் 'சுவயம்' தளம் 2017இல் வந்தது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் படிப்புகளும் அதில் உண்டு. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இப்படிப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி செய்தது. 2021இல் அதை 40 ஆக்கியது. எங்கள் கல்லூரியிலும் மாணவர்களைப் பதிவு செய்ய வைத்தோம். ஒரு குழுவுக்கு நான் வழிகாட்டி ஆசிரியர்.

அதில் ஒரு பெண், தூய்மைப் பணியாளரின் மகள். மூன்றாவது வாரம் என்னிடம் சொன்னாள்: "சார், அவரை நிறுத்தி நிறுத்திக் கேக்கலாம் சார். பத்து தடவ கேட்டாலும் மூஞ்சி சுளிக்க மாட்டாரு." சாக்குத்துணியில் தனியே உட்கார்ந்து படித்த அம்பேத்கரை நாம் மேடைதோறும் சொல்கிறோம். 2020களில் ஒரு பெண் முகம் சுளிக்காத ஆசிரியரைத் திரையில்தான் கண்டேன் என்கிறாள். முகம் சுளித்தவர்களில் நான் இருந்தேனா என்று அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

படிப்பு இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். நம் பிள்ளைகளுக்குப் பாதி, 500. அதற்குச் சாதிச் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். ஒரு மாணவன் முழுக் கட்டணமும் கட்டினான். ஏன்டா என்றேன். "லேப்ல பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க சார். அவங்க முன்னாடி அதத் திறக்கணுமா?" சலுகை நம் உரிமை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 500 ரூபாயை அவன் கடன் வாங்கியிருந்தான்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பன்னிரண்டு வாரப் படிப்பு, வாரம் ஒரு பயிற்சித்தாள். அவற்றில் சிறந்த எட்டைக் கணக்கிட்டு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. கேள்விகள் ஆங்கிலத்தில். வீட்டில் ஒரே போன், அதுவும் தம்பியோடு பங்கு. தம்பிக்குப் பத்தாம் வகுப்பு. ஐந்தாவது வாரம் அவள் நின்றுவிட்டாள். நினைவூட்டும் மின்னஞ்சல்கள் தவறாமல் வந்தன, அவள் திறக்காத பெட்டிக்கு. முகம் சுளிக்காத அந்தப் பேராசிரியருக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

அவருக்குத் தெரியாது, சரி. எனக்கு? வழிகாட்டியின் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே வாரந்தோறும் சுழியம் விழுந்துகொண்டே இருந்தது. தேர்வு முடிந்த பிறகுதான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். எட்டாவது வாரம் பார்த்திருந்தால்கூடப் போதும், மிச்சம் நான்கையும் எழுதி எட்டு ஆக்கியிருப்பாள். இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இதற்குக் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இந்த ஜனவரிப் பருவத்திலிருந்து அண்ணனின் பழைய பாடசாலைக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் கூடுகிறோம். ஒரு லேப்டாப், ஆறு பேர். பாதியில் நிறுத்தி ஒருவர் நம் தமிழில் சொல்வார், மற்றவர்கள் சண்டை போடுவார்கள். ஒரு மணி நேரப் பாடம் மூன்று மணி நேரம் ஆகிறது. அந்தப் பெண்ணும் திரும்பப் பதிந்திருக்கிறாள்.

போன ஞாயிறு அவள் வரவில்லை. போனைத் தம்பி எடுத்தான், அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள் என்றான். இந்தக் கூட்டம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்களில் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.