உபகாரமா, ஊதியமா?

பென்ஷன் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் இட்ட தமிழ்ப் பெயர் 'உபகாரச் சம்பளம்' என்பது. பிற்காலத்தில் 'ஓய்வூதியம்' என்ற சொல் வழக்குக்கு வந்தது. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. உபகாரம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஊதியம் உழைத்தவரின் உரிமை. தீயணைக்கும் படையில் பணியாற்றி ஓய்வு பெறுவோர்க்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் அந்த ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் வெடிப்பில் மாண்டனர். அந்நாளைத் தீயணைப்புப் பணி நாளாக நாடு ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. மலர் தூவி வணங்குவது நம் கடமைதான். ஆனால் மாண்டவரின் மனைவி மக்களுக்கு மாதந்தோறும் உலை வைக்க வழி உண்டா என்பதைத் தீர்மானிப்பது சட்டமேயாகும்.

அச்சட்டத்தை இயற்றுபவர் யார்? 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை, நகராட்சிகளுக்கு அளிக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகத் தீயணைப்பைக் குறிக்கிறது. தில்லியில் மாநகராட்சியின் கீழ் இருந்த படை, 1994இல் தில்லி அரசின் பொறுப்புக்கு வந்தது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. வேலை ஒன்றே; எஜமானர் பலர்.

பிரிட்டனில் தீயணைப்போரின் ஓய்வூதியத்துக்கென்றே 1925இல் ஒரு சட்டம் பிறந்தது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1937இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அந்தந்த நகரத்தின் நிதியை ஒரு குழு நிர்வகிக்கிறது. அக்குழுவில் தீயணைப்போரும் அங்கத்தினர். தில்லியிலும் தமிழ்நாட்டிலுமோ, அவர்கள் பொதுவான அரசு ஊழியர் விதிகளின் கீழேயே வருகின்றனர். ஆர்.கே.புரத்தின் அரசுக் குடியிருப்புகளில் வாழும் மத்திய அரசு ஊழியர்க்கு உரிய விதிகளே தில்லித் தீயணைப்போர்க்கும் உரியவை. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியும் ஆகும்.

உபகாரமா, உரிமையா என்ற வினாவுக்கு உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று விடை கூறியது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றோருக்குத் திருத்திய ஓய்வூதியக் கணக்கு மறுக்கப்பட்டிருந்தது. நகாரா என்னும் ஓய்வு பெற்ற அதிகாரி வழக்குத் தொடுத்தார். ஓய்வூதியம் முதலாளியின் கருணையால் வருவதன்று, செய்த சேவையின் பயனே என்றும், ஒரு தேதியை மட்டும் கொண்டு ஓய்வு பெற்றோரை இரு கூறாக்குதல் தகாது என்றும் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆம், அது ஊதியமேதான்.

ஆயினும் வேறொரு தேதி பின்னர் நம்மிடையே கோடு கிழித்தது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர், படைவீரர் நீங்கலாக, பங்களிப்பு முறைக்கு மாற்றப்பட்டனர். தமிழ்நாட்டில் அத்தேதி 2003 ஏப்ரல் 1. 2003இல் தில்லிப் படையில் சேர்ந்தவரும் 2006இல் சேர்ந்தவரும் ஒரே வண்டியில் ஏறி, ஒரே புகைக்குள் நுழைகின்றனர். முன்னவர் பெறப்போவது விதியால் உறுதியான தொகை. பின்னவர் பெறப்போவது சேமிப்பையும் சந்தையையும் பொறுத்த தொகை. இக்குறையை ஓரளவு போக்கவே, 25 ஆண்டு பணி செய்தோர்க்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த திட்டம், மத்திய அரசு ஊழியர் விரும்பினால் தெரிவு செய்யத்தக்கதாக 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இனி, இல்லந்தோறும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பங்களிப்பு முறையில் உள்ள மத்திய அரசு ஊழியர் பணிக்காலத்தில் இறந்தாலோ, உடல் ஊனமுற்று விலக நேர்ந்தாலோ, பழைய விதிகளின்படி பயன் பெறுவதா, சேர்ந்த நிதியைப் பெறுவதா என்று முன்னதாகவே எழுதிக் கொடுக்க 2021ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. எழுதிக் கொடாதவர் பதினைந்து ஆண்டு பணி முடிக்கு முன் இறந்தால் குடும்பத்துக்குப் பழைய விதி கிட்டும்; பதினைந்து ஆண்டு கடந்தவராயின் கிட்டாது. நெடுங்காலம் உழைத்தவரின் குடும்பமே இவ்வாறு குடும்ப ஓய்வூதியத்தை இழக்க நேரிடும்.

ஆதலால் தீயணைப்புப் படையிலாயினும் செயலகத்திலாயினும் பணிபுரிவோர் தம் அலுவலகப் பதிவேட்டில் இத்தெரிவுப் படிவம் சேர்ந்துள்ளதா என்று கேட்டறிதல் வேண்டும். இல்லத்தரசியிடமும் அதன் நகல் ஒன்று இருத்தல் நலம். ஊதியம் என்று நீதிமன்றம் கூறிய பின்னும், உரியவர் கேட்டுப் பெறாவிடில் அது கைக்கு எட்டாது போய்விடும்.