கூலர் போடும் முன் கொஞ்சம் கவனிப்போம்

(ஜூஜுவாடி பகுதி குழுக்களின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கடன், தவணை எல்லாம் பேசியாச்சு. இப்போ பத்து நிமிஷம் ஏர் கூலரைப் பற்றிப் பேசுவோம்.

ஓசூர் சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது, குளிர்ச்சியான ஊர் என்பார்கள். ஆனால் ஷீட் போட்ட லைன் வீட்டில், நைட் ஷிப்ட் முடிந்து பகலில் படுப்பவர்களுக்குத்தான் பங்குனி வெயில் தெரியும். அதனால்தான் நம்மில் பலர் தவணை கட்டிக் கூலர் வாங்கியிருக்கிறோம்.

போன வருஷம் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பரணிலிருந்து கூலரை இறக்கி, தூசி மட்டும் தட்டி, தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டேன். ஒரே நாற்றம். ஓடும்போதே தொட்டியில் கை விட்டேன், ஷாக் அடித்தது. எலி வயரைக் கடித்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பித்தேன். படித்த எனக்கே இந்தக் கதி!

எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் ஊற்றும்போதும் அப்படித்தான். வயர் பழுதானால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக்தான் வேண்டும்.

2. தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். போர் தண்ணீரின் உப்பு படிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தடவி, அரை மணி கழித்துத் தேய்க்கலாம்.

3. பேடைக் கழுவிக் காயவையுங்கள். நாற்றம் போகாவிட்டால், உதிர்ந்தால் புதிது போடுங்கள்.

4. தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட விடாதீர்கள்.

5. ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். அடைத்த அறையில் ஈரம் சேர்ந்து புழுக்கம்தான் மிஞ்சும். மழை நாளிலும் இதே கதைதான். அப்போது பம்பை நிறுத்தி, காற்றாடியை மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, டெங்கு. 1996-ல் டெல்லியில் டெங்கு பரவி 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே கொசு பெருகிய முக்கிய இடங்களில் ஒன்று வீட்டுக் கூலர். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்தால்தான் போகும்.

வாரக் கூட்டம் நடக்கும் நாளையே கூலர் கழுவும் நாளாக வைத்துக்கொள்வோமா? மறக்காது. பக்கத்து வீட்டில் கன்னடம், தெலுங்கு, இந்தி எது பேசினாலும் அவர்களுக்கும் சொல்லுங்கள். கொசுவுக்குப் பாஷை கிடையாது!

அடுத்த கூட்டத்தில் யார் யார் கழுவினீர்கள் என்று கேட்பேன்.