சிறு தேடுபொறிகளும் நம் சங்கத்து வலைத்தளமும்

(ஒடுகத்தூரில் நம் சங்கத்தார் கூடிய பொதுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங் கழிக்கும் யாம் இன்று கணிப்பொறி பற்றிப் பேச எழுந்தமை உங்களிற் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். நம் வலைத்தளத்திற்கு மக்களை வருவிப்பது எங்ஙனம் என்பதே தலைவரவர்கள் எமக்கு இட்ட பொருள். அதனை ஆராயப் புகுந்த பின்னர், இவ்விஷயத்திற் பெரும்பகுதி சொற்களைப் பற்றியதே என்பது எமக்குப் புலனாயிற்று. ஆதலின் சிறிது துணிவு கொண்டு சில கூறுவாம்.

முதற்கண் எமது குறையொன்றை எடுத்துரைத்தல் முறையாகும். சென்ற ஆண்டு, மலையடிவாரத்துச் சிற்றூரொன்றில் வாழும் நம் குலத்து மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறினாள். அவள் எம்மிடம் தமிழ் பயின்றவள். மேற்படிப்பிற்குப் பொருளின்றித் தந்தையார் வருந்தினமையால், அப்பெண் தன் கைபேசியில் "ஸ்காலர்ஷிப்" என்று எழுதித் தேடினாள். முதலில் வந்தது பணங்கொடுத்து இடம்பெற்ற ஒரு தரகரின் விளம்பரம். விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொல்லி அத்தரகர் பெற்றுக்கொண்ட தொகைக்கு ஒரு பயனும் விளைந்திலது. நம் சங்கத்தின் அறிக்கையோ வலைத்தளத்திற் கிடந்தது. ஆனால் அஃது அச்சிட்ட தாளைப் படம் பிடித்து ஒட்டிய படமாக இருந்தது. தலைப்பும் "கல்விக் கொடை" என்றிருந்தது. அவள் எம்மை நாடி வந்தபோது கெடு நாள் கடந்து பத்து நாட்களாயின. அவ்வறிக்கையை எழுதியவர் யாமே. நல்ல தமிழில் எழுதினோம் என்ற மகிழ்ச்சி எமக்கு இருந்தது. தேடி வருவோர் எச்சொல்லால் தேடுவர் என்பதை யாம் எண்ணினோம் அல்லேம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர்க் கூடிய காரியக் கமிட்டியில், ஒருவருக்குத் திங்கள்தோறும் பணங்கொடுத்தால் நம் தளத்தைக் கூகுளில் முதலிடத்திற்கு ஏற்றித் தருவார் என்ற யோசனை எழுந்தது. அங்ஙனம் முதலிடத்தை உறுதியாகத் தரவல்லார் ஒருவரும் இலர் என்பது எமது கருத்து. பணங் கொடுப்பதற்கு முன்னர், செலவின்றிச் செய்யத்தக்கவை பல உள. அவற்றுள் ஒன்றே சிறு தேடுபொறிகளின் வாயிலாக மக்களை வருவித்தல்.

நம் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையை நினையுங்கள். வருவோருட் பெரும்பாலார் வேலூர்ச் சாலை வழியே வருகின்றனர். எனினும் பீஞ்சமந்தை முதலிய மலையூர்களினின்று இறங்கி வருவாரும் உளர். சாலைக்கு மட்டும் தோரணங் கட்டி மலைவழியை முள்ளிட்டு அடைப்பார் யாரேனும் உண்டோ? வலைத்தளத்தின் திறத்தில் நாம் செய்து வருவது அதுவே.

தேடுபொறியாவது யாது? பெரிய நூல்களின் இறுதியில் சொல்லடைவு இருத்தலை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்ன சொல் இன்ன பக்கத்தில் வந்துளது என்று அது காட்டும். உலகத்திலுள்ள வலைப்பக்கங்கட்கெல்லாம் அத்தகைய அடைவொன்றைத் தொகுத்து வைப்பதே தேடுபொறி. அதன் ஏவலாட்களாகிய நிரல்கள் ஓர் இணைப்பினின்று மற்றோர் இணைப்பிற்குச் சென்று பக்கங்களைப் படித்துக் குறித்துக் கொள்ளும். அடைவில் ஏறாத பக்கம், அலமாரியில் தலைகீழாகச் செருகிய புத்தகம் போல, இருந்தும் இல்லாததே.

உலகில் நிகழும் தேடல்களிற் பத்தில் ஒன்பது பங்களவு கூகுள் ஒன்றன் வழியே நிகழ்கின்றது. இந்தியாவில் அப்பங்கு இன்னும் மிகுதி. ஒருவரையே நம்பியிருப்பதன் இடர்ப்பாட்டை விளக்கச் சென்னையைச் சார்ந்த ஒரு வழக்குப் போதும். சாதிதோறும் வரன் தேடித்தரும் தளங்களை நடத்தும் பாரத் மேட்ரிமோனி நிறுவனத்தாரை நீங்கள் அறிவீர்கள். அவர்களும் ஜெய்ப்பூரிலுள்ள நுகர்வோர் சங்கமொன்றும் 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன்னர் முறையிட்டனர். ஆணையம் அவர்கள் சொன்னவை அனைத்தையும் ஏற்றிலது. எனினும், முடிவுகளை வரிசைப்படுத்திக் காட்டுவதில் நடுநிலை பிறழ்ந்தமை உண்டென்று கண்டு, 2018 பிப்ரவரி 8-ஆம் நாள் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. கூகுள் மேன்முறையீடு செய்தது. அமெரிக்காவிலும், தேடல் துறையில் அந்நிறுவனம் சட்டத்திற்கு மாறாகத் தனியாதிக்கத்தைக் காத்து வந்ததென்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5-ஆம் நாள் தீர்ப்பளித்தார். அத்துணைப் பெரிய நிறுவனத்தாரே வழக்காடி அலைய நேர்ந்ததெனின், நம் போல்வார் ஒரே வாயிலிற் காத்துக் கிடத்தல் அறிவுடைமை ஆகுமோ?

இனிச் சிறு தேடுபொறிகளைப் பார்ப்போம். அவை இருவகைப்படும். பிறருடைய அடைவைப் பெற்றுத் தருவன ஒருவகை. தாமே அடைவு தொகுப்பன மற்றொரு வகை.

முதல் வகைக்கு மூலமாய் நிற்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2009-இல் வெளியிட்ட பிங் என்பது. பழைய யாகூ அதனிடமிருந்தே முடிவுகளைப் பெறுகின்றது. தேடுவோரைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதில்லை என்று உறுதி கூறும், 2008-இல் தோன்றிய டக்டக்கோவும் பெரும்பாலும் பிங்கையே சார்ந்துளது. விளம்பர வருவாயைக் கொண்டு மரம் நடுவிக்கும் பெர்லின் நகரத்து எக்கோசியாவும் பிங், கூகுள் முதலியவற்றினின்று பெற்றுத் தருகின்றது. ஆகவே பிங்கின் அடைவில் ஏறினால், ஒரு கதவைத் தட்டிப் பல கதவுகளைத் திறந்தவர் ஆவோம். டக்டக்கோவிற்குத் தனியே விண்ணப்பம் இடும் முறை இல்லை என்பதும் அறியத்தக்கது.

பிங்கின் தள உரிமையாளர் பகுதியிற் பதிந்து கொள்ளுதற்குக் கட்டணம் இல்லை. அங்கே நம் தளத்துப் பக்கங்களின் பட்டியலை ஒப்புவித்தல் வேண்டும். மேலும் 2021-இல் மைக்ரோசாப்டும் ருஷ்யாவின் யாண்டெக்சும் இண்டெக்ஸ்நௌ என்றோர் ஏற்பாட்டைச் செய்தன. புதிய பக்கம் வெளிவந்தவுடன் தளமே சென்று அறிவித்துவிடும் முறை அது. செக் நாட்டுச் செஸ்னமும் கொரியாவின் நேவரும் அதிற் சேர்ந்துள்ளன. கெடு நாளுள்ள நம் அறிக்கைகட்கு இம்முறை பெரிதும் உதவும்.

இரண்டாம் வகையில், 2021-இல் வெளிவந்த பிரேவ் தேடுபொறியும், இங்கிலாந்தின் மோஜீக்கும் தத்தம் அடைவைத் தாமே தொகுக்கின்றன. மோஜீக் போல்வன இணைப்பின் வழியே வருவன. ஆதலின் பிற தளங்களில் நம் தளத்திற்கு இணைப்பு இருத்தல் இன்றியமையாதது. அயலூர்க் கிளைச் சங்கங்கள், நம்மவர் நடத்தும் பள்ளிகள், கடைகள் ஆகியவற்றின் தளங்களில் நம் பெயரை ஒரு வரி இடச் சொன்னால் அதுவே போதும்.

இத்தேடுபொறிகளை ஆள்வோர் யாவர் என்பீர்களேல், விண்டோஸ் கணிப்பொறியை வாங்கியவாறே மாற்றாது வைத்திருப்போர் தம்மை அறியாமலே பிங்கில் தேடுகின்றனர். அலுவலகங்களிலும் நூலகங்களிலும் அத்தகைய பொறிகள் பலவுள. அயல்நாடுகளில் வாழும் நம் உறவினருள்ளும் தம் தேடல்களைப் பிறர் அறிதலை விரும்பாதார் டக்டக்கோவை நாடுதல் உண்டு.

இனி எமது தொழிலுக்கு உரிய பகுதிக்கு வருவோம். சிறு தேடுபொறிகட்குத் தமிழறிவு குறைவு. "பணம்" என்பது உருபேற்கையில் அத்துச்சாரியை பெற்றுப் "பணத்தை" என்றாகும் என்று நம் பிள்ளைகள் அறிவர். பொறி எப்பொழுதும் அறியாது. ஆதலின் தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் முக்கியமான பெயர்களை உருபின்றி எழுவாயாகவே அமைத்தல் நன்று. "ஒடுகத்தூரிலிருந்து" என்று மட்டும் எழுதாமல், "ஒடுகத்தூர்" என்று ஓரிடத்தேனும் தனித்து எழுதுக. ஜவ்வாது, ஜவாது, சவ்வாது என மலையின் பெயரைப் பலவாறு எழுதுவார் உளர். பொருத்தமான இடங்களில் அவ்வடிவங்களையும் தருக. "உதவித்தொகை" என்று சேர்த்தெழுதுவோரும் "உதவித் தொகை" என்று பிரித்தெழுதுவோரும் உளர். கல்யாணம், திருமணம், விவாகம், வரன் என ஒரு பொருட்குப் பல சொல் நம்மிடையே வழங்குகின்றன. "கல்விக் கொடை" என்று எழுதுவதை யாம் விடோம். ஆனால் அதன் அருகே "உதவித்தொகை, ஸ்காலர்ஷிப்" என்றும் இனி எழுதுவோம். ஏழைப் பெண்ணுக்கு வழி மறைக்கும் தூய்மை எமக்கு வேண்டா.

மற்றொன்று எழுத்துரு. நம் சஞ்சிகையின் பழைய இதழ்கள் பல, கணிப்பொறியில் ஏறியபோது பழைய எழுத்துருக்களில் ஏறின. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும், பொறிக்கு அவை பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலே. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் முறைகள் வகுக்கப்பெற்றன. 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிக்கோடு முறையை ஏற்றது. அம்முறையில் மாற்றப்படாத இதழ்கள் எத்தேடுபொறிக்கும் அகப்படமாட்டா. படமாக ஒட்டிய பக்கங்களின் கதியும் பெரும்பாலும் அதுவே. அவற்றில் நம் முன்னோர் வரலாறும், மறைந்த பெரியோர் எழுதிய கட்டுரைகளும் உறங்குகின்றன.

சிலர் வினவுவர்: "இத்தனை பாடுபட்டு எத்தனை பேர் வருவர்?" மறைப்பானேன்? சிலரே வருவர். பெருங் கூட்டம் கூகுள் வழியாகவே இன்னும் வரும். ஆயினும் யாம் கூறிய வேலைகளில் ஒன்றேனும் வீண்போகாது. சிறு பொறிக்குத் தெளிவாக எழுதிய பக்கம் பெரும் பொறிக்கும் தெளிவாகவே விளங்கும். சிறியவற்றையே நம்புதலும் தவறு. பெங்களூரில் 2006-இல் நம் நாட்டார் தொடங்கிய குருஜி என்னும் தேடுபொறி சில ஆண்டுகளிலேயே மறைந்தொழிந்தது. ஆதலின் வாயில்கள் பல இருத்தல் வேண்டும். எதுவும் அடைபட்டால் வீடு இருளடையாதிருத்தல் வேண்டும்.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றோம். தரகர்க்குக் கொடுக்கக் கருதிய பணத்தை அந்நிதிக்கே சேர்த்து, கெடு தவறிய அம்மாணவிக்கு இவ்வாண்டு உதவுக. அறிக்கைகளைப் படமாக ஒட்டாது எழுத்தாகவே வெளியிட்டுப் பிங்கில் பதிவு செய்க. இளைஞர்கள் ஆளுக்கோர் இதழாகப் பழைய இதழ்களை யூனிக்கோட்டில் எழுதித் தருக. பிழை திருத்தும் பணியை யாம் ஏற்றுக்கொள்ளுகின்றோம். தாய்மார்கள், வீட்டிலுள்ளோர் எவ்வெச் சொல்லால் தேடுகின்றனர் என்பதை எமக்குத் தெரிவித்தால் அதுவும் பேருதவியாகும்.

அடுத்த ஆண்டு இன்னொரு பெண் நம் வாயிலைத் தேடி வருவாள். அவள் எவ்வழி வரினும், எச்சொல்லால் அழைப்பினும், கெடு நாளுக்கு முன்னர்க் கதவு திறந்திருத்தல் வேண்டும்.