ஈ.சி.ஆர்ல விங் வேலை செய்யுமா? காரோட பின்பக்கப் பிடிமானம் பத்தி ஒரு எபிசோடு

வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன். திருப்போரூர் பக்கத்துல இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கியிருக்கேன், ரியர் வீல் டிரைவ். மாமல்லபுரம் போறப்போ மழை ஈரத்துல ஒரு வளைவுல பின்பக்கம் வழுக்கி வெளிய போயிடுச்சு. எப்படியோ தப்பிச்சேன். டிக்கி மேல பெரிய விங் மாட்டினா சரியாகுமா?"

சின்ன பதில்: ஆகாது. ஏன்னு சொல்றதுதான் இந்த எபிசோடு.

முதல்ல கணக்கு

விங்னா தலைகீழா மாட்டின விமான இறக்கை. காத்து அதை கீழ அழுத்தும், அந்த அழுத்தம் டயருக்குப் போகும். ஆனா இந்த விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிதான் கூடும். வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. வேகம் பாதியானா விசை கால்வாசி.

1.4 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு விங் வச்சுக்குவோம். லிஃப்ட் கோயெஃபிஷியன்ட் 1-னு எடுத்துக்கறேன். 80 கிலோமீட்டர் வேகத்துல அது தர்ற அழுத்தம் சுமார் 10 கிலோ. ஒரு சின்ன அரிசி மூட்டை. பின் அச்சு மேல ஏற்கெனவே 700 கிலோ இருக்குன்னா, இது ஒன்றரை சதவீதம்கூட இல்ல. மழையில வளைவுல 40-ல திரும்புறீங்கன்னா வெறும் இரண்டரை கிலோ. 160-ல 40 கிலோ வரும். அந்த வேகத்துல ஈ.சி.ஆர்ல போறவருக்கு விங் பத்தி இல்ல, வேற விஷயம் பேசணும்.

"அப்போ ஃபார்முலா ஸ்டூடன்ட் கார்ல மட்டும் ஏன் அவ்ளோ பெரிய விங்?"னு கேப்பீங்க. காலேஜ் பசங்க கட்டுற அந்த கார்கள் மெதுவான, வளைவு நிறைஞ்ச டிராக்லதான் ஓடுது. நியாயமான கேள்வி. ஆனா அந்த கார், ஓட்டுறவரையும் சேர்த்தே சுமார் 300 கிலோதான். விங் பரப்போ நம்ம கார்ல மாட்டுறதை விட பல மடங்கு. லேசான கார், பெரிய விங், அதனால அங்க கணக்கு வேற.

பெரிய கம்பெனியே திருத்திய கார்

ஏரோ தேவையே இல்லன்னு நான் சொல்லல. 1998-ல ஆடி டிடி வந்தப்போ அதோட வழவழப்பான வட்டமான பின்பக்கத்தை எல்லாரும் கொண்டாடினாங்க. ஜெர்மனி ஆட்டோபானில் அதிவேகத்தில் அந்த வடிவத்தின் மேல் ஓடும் காற்று பின்பக்கத்தைத் தூக்கியது. வேகமா லேன் மாத்தும்போது பின்பக்கம் பிடி விட்டு விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின.

கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்தது. டிக்கி மேல சின்ன ஸ்பாய்லர் வந்தது, சஸ்பென்ஷனை மாற்றினார்கள், ஈ.எஸ்.பி-யும் வந்தது. கவனிங்க, ஸ்பாய்லரோட மட்டும் நிறுத்தல. அந்த ஸ்பாய்லரோட வேலையும் காரைக் கீழ அழுத்துறது இல்ல, மேல தூக்குறதைக் குறைக்கிறது.

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? செங்கல்பட்டு பக்கத்துல மகிந்திரா வேர்ல்டு சிட்டியில 2007-ல இருந்து பிஎம்டபிள்யூ ஆலை இருக்கு. 2021-ல வந்த எம்340ஐ, இந்தியாவுல அசெம்பிள் பண்ண முதல் எம் மாடல். 387 குதிரைத்திறன். டிக்கி ஓரத்துல உதடு மாதிரி ஒரு சின்ன ஸ்பாய்லர், அவ்வளவுதான். மிச்ச வேலையெல்லாம் கீழ நடக்குது: முன் டயரை விட அகலமான பின் டயர், பின்னாடி ஸ்போர்ட் டிஃபரன்ஷியல், நாலு வீலுக்கும் பவர்.

சரி, நீங்க என்ன பண்ணணும்?

ஒண்ணு, டயர். பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. வருஷமாக ஆக ரப்பர் இறுகிடும், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பிடிமானம் போயிடும். பட்டன் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தா போதும்தான், ஆனா மழைத் தண்ணியை வெளிய தள்ள அது ரொம்பக் குறைவு. காத்தழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்க.

ரெண்டு, புஷ். பழைய கார்னு சொன்னீங்க. பின் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் தளர்ந்திருந்தா, லோடு ஏறும்போது வீலோட திசையே மாறும். புஷ்ஷை மாத்தாம அலைன்மென்ட் பண்றது காசுக்குக் கேடு.

மூணு, அலைன்மென்ட். பின் வீல்கள் லேசா உள்நோக்கி இருக்கணும், அதான் டோ-இன். வெளிநோக்கி இருந்தா வளைவுல பின்பக்கம் பதட்டமாவே இருக்கும்.

நாலு, ஆன்டி-ரோல் பார். இங்கதான் நிறைய பேர் தப்பான பாகத்தை வாங்குறாங்க. டயர் மேல எடை ரெண்டு மடங்கானா பிடிமானம் ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் குறைவாதான் கூடும். பின்னாடி இறுக்கமான பார் போட்டா வளைவுல வெளிப்பக்க டயர் மேலயே எடை குவியும், ரெண்டு பின் டயரும் சேர்ந்து தர்ற மொத்தப் பிடிமானம் குறையும். முன் வீல் டிரைவ் காரைச் சுறுசுறுப்பா திருப்ப அது உதவும். உங்க பிரச்சினைக்கு நேர் எதிர் வேணும்: பின்பக்கம் மென்மையா, இல்லன்னா முன்பக்கம் கொஞ்சம் இறுக்கமா.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு டேம்பர். விங் கடைசி.

கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், ஒரே நேரத்துல அஞ்சு இடத்துல கை வச்சா பக் எங்க சரியாச்சுன்னே தெரியாது. இங்கயும் அப்படித்தான். ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு குறிப்பு.

எங்க சோதிக்கிறது?

ஈ.சி.ஆர்ல வேண்டவே வேண்டாம். கடற்கரை மணல் சாலைக்கு வரும், மாடு வரும், பஸ் பிடிக்க ஒரு அம்மா குறுக்க ஓடி வருவாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ரேஸ் டிராக் இருக்கு, சுமார் 3.7 கிலோமீட்டர். டிராக் டே நடக்குறப்போ பதிவு பண்ணி, ஹெல்மெட்டோட போங்க. அங்க பின்பக்கம் வழுக்கினா ஓரத்துல மண்ணும் புல்லும் இருக்கும். ஈ.சி.ஆர்ல வழுக்கினா எதிர்ல வர்ற வண்டியில ஒரு குடும்பம் இருக்கும்.

விங்குக்கு எடுத்து வச்ச காசுல முதல்ல ரெண்டு நல்ல பின் டயர் வாங்குங்க. புஷ் மாத்தின பிறகு என்ன ஆச்சுன்னு எழுதுங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன். பத்திரமா ஓட்டுங்க.