மரத்துப்போன கையும் எரிகின்ற காலும்



மரத்துப்போவது, மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, எரிச்சல், சுருக்கென்று குத்துவது என்று நம் தோட்டப்புற மக்களிடையே இந்தத் தொல்லைக்கு எத்தனையோ சொற்கள் வழங்குகின்றன. சொற்களுக்குப் பஞ்சமில்லை, இதற்காக மருத்துவரிடம் போகிறவர்கள்தாம் குறைவு. "வேலை செய்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "வாயு" என்பார் மற்றொருவர். வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் கையை அறுப்பார்கள், முதுகைக் கிழிப்பார்கள் என்ற அச்சம்தான் அது.

நரம்புத் தொல்லைகளில் பெரும்பாலானவை கத்தியில்லாமலே குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடியவை. ஆனால் அதற்கு ஒரு காலம் உண்டு. கத்திக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறவர், அந்தக் காலத்தைக் கடக்கவிட்டு, கடைசியில் கத்தியிடமே போய்ச் சேருகிறார். இதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

பால் மரம் வெட்டுகிறவர் மணிக்கட்டை மடக்கியும் திருப்பியும் நூற்றுக்கணக்கான மரங்களில் கத்தியை இழுக்கிறார். நமது மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புக்கும் ஒரு தடித்த தசைநார்ப் பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதற்குள் விரல்களை இழுக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. ஓயாத வேலையால் உள்ளே வீக்கம் கண்டால், நெருக்கடியில் அந்த நரம்புதான் நசுங்குகிறது. தண்ணீர்க் குழாயை மிதித்தால் மறுமுனையில் நீர் குறைவது போல, விரல் நுனியில் உணர்வு குறைகிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் தொழிற்சாலையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவருக்கும் இது வரலாம். கருவுற்ற பெண்களுக்கும், இனிப்புநீர் நோயுள்ளவர்களுக்கும், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கும் வருவதுண்டு.

இதை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறோம். உள்ளங்கையைத் திருப்பி வைத்துப் பாருங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால், கோளாறு மணிக்கட்டில் இருக்கக்கூடும். சுண்டுவிரல் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டியிருக்கும். நடு இரவில் கை எரிந்து விழிப்பு வருவதும், கையை உதறினால் சற்றுத் தணிவதும் மணிக்கட்டு நரம்பின் குணம். பள்ளியில் மாணவரின் தேர்ச்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வருகிற பெற்றோரிடம், பேனாவை இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் நழுவவிடும் நிலையை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். படிக்காத கை என்று அவர்கள் நாணுவார்கள். பல நேரங்களில் அது படிப்பின் குறையன்று, நரம்பின் குறை.

தொடக்கத்திலேயே வந்தால் செய்வது மிக எளிது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஒரு பட்டையைத் தூங்கும்போது சில வாரங்கள் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவினர் இதைக் கைக்கு அளவெடுத்துச் செய்து தருவதுண்டு. தேவைப்பட்டால் மணிக்கட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். மின்சாரத்தை மிகச் சிறிதாகச் செலுத்தி நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனையும் உண்டு. சுருக்கென்று தெறிக்குமே தவிர, அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மேடு வற்றிக் குழியாகும் வரை காத்திருந்தால், பட்டையும் ஊசியும் போதாமல், அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வரும். அதுவும் சிறிய அறுவைதான். ஆயினும் வற்றிய சதை முழுவதும் திரும்பி வரும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

குலை தூக்குகிறவர்களின் முதுகு வேறொரு கதை. இடுப்பிலிருந்து தொடை வழியே கணுக்கால் வரை மின்சாரம் பாய்ந்தது போல் வலி இறங்கினால், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியிருக்கலாம். இதிலும் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவையின்றியே வலி தணிகிறது. வாரக்கணக்கில் பாயிலே படுத்துக் கிடப்பது நல்லதன்று. முடிந்த அளவு நடக்கவும், பிசியோதெரபி என்னும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போகவும் வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணி, கை ஒரு பக்கம் விழுந்தாலும் அப்படியே. அது பாரிசவாதம், விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

இனி, இரண்டு பாதங்களும் ஒரே சமயம் எரிந்து, பிறகு மரத்துப்போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் இதற்கு முதற்காரணம் இனிப்புநீர் நோய். சாம்சு குடிப்பதாலும் வரும். அதை நிறுத்தாமல் எந்த மருந்தும் பயன் தராது. வைட்டமின் பி12 குறைவாலும் வரும். மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வைட்டமின் குறையக்கூடும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது, சூடும் தெரியாது. அங்குதான் ஆபத்து. சுட்ட செங்கல்லாலும் உப்பு மூட்டையாலும் ஒத்தடம் கொடுத்து, கொப்புளித்தபின் பார்த்து அலறுகிறவர்கள் இன்றும் உண்டு. ரப்பர் பூட்ஸுக்குள் கிடந்த சிறு கல் நாள் முழுவதும் தேய்த்துப் புண்ணாக்குவதும் உண்டு. அந்தப் புண்தான் பிறகு காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. மாலையில் குளித்தபின் பாதத்தின் அடியைப் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டுங்கள். சுகாதார நிலையத்தில் மெல்லிய நைலான் நூலால் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டுச் சோதிப்பார்கள். செய்யவில்லையென்றால் செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

எரிச்சலுக்குத் தரும் மருந்து சாதாரண வலி மாத்திரை அன்று. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவற்றைச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "இது மனநோய் மாத்திரையாமே" என்று பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டு வீசிவிடாதீர்கள். அதே மருந்து நரம்பு வலிக்கும் பயன்படுகிறது. தூக்கக் கலக்கம் தரும் என்பதால் விடியற்காலை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது, இனிப்புநீர் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டே நாளில் வலியைப் போக்கும் நாட்டு மருந்துப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண் இல்லாததை வாங்காதீர்கள்.

தோலில் வெளிறிய படை ஒன்று தோன்றி, அந்த இடத்தில் மட்டும் உணர்வு இல்லையென்றால், அது தொழுநோயாக இருக்கலாம். 1930ஆம் ஆண்டில் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்ட காலத்து அச்சம் இன்னும் நம் பெரியவர்களின் மனத்தில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து வழங்கப்படும் கூட்டு மருந்தால் இப்போது ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ இது முற்றிலும் குணமாகிறது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடலாம். மறைத்து வைத்தால் விரல்கள்தாம் மடங்கிப்போகும்.

முன்பு தோட்டத்து டிரெஸரிடம் சொன்னால் வேலை முடிந்தது. இன்று டிரெஸர் இல்லாத தோட்டங்களே அதிகம். ஆகவே முதலில் அரசாங்க சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே இரத்தத்தைச் சோதித்து, தேவை கண்டால் நரம்பியல் நிபுணருக்கோ எலும்பு மூட்டு நிபுணருக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். 'சூராட் ருஜூக்கான்' என்று கேட்டால் புரியும். கடிதமின்றி நேரே நிபுணரிடம் போக நினைத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். தேதி சில மாதங்கள் தள்ளிக் கிடைக்கலாம். அதுவரை பட்டையும் பயிற்சியும் தொடங்க முடியுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலையால் வந்த கோளாறென்று மருத்துவர் எழுதினால், பெர்க்கேசோவில் மனுச் செய்ய அந்தத் தாள் உதவும். 2014ஆம் ஆண்டில் மலாக்காவில் அவர்கள் திறந்த மறுவாழ்வு மையமும் காப்புறுதியுள்ள தொழிலாளர்களுக்காக அமைந்ததே.

மருத்துவர் முன் போனதும் "உடம்பெல்லாம் வலி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவருக்கு அது போதாது. போவதற்கு முந்தின நாள் பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: எந்த விரல், எந்தக் கால், எப்போது தொடங்கியது, இரவிலா பகலிலா, கையிலிருந்து பொருள் நழுவுகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். மரத்துப்போவதற்கு மலாயில் 'கெபாஸ்' என்றும், எறும்பு ஊர்வதற்கு 'செமுட் செமுட்' என்றும் பெயர்; பிள்ளை அதையும் பக்கத்தில் எழுதித் தரும். மாத்திரைப் பையையும் கூடவே எடுத்துப் போங்கள்.