அண்டா இறக்கும் கைக்கு யார் பொறுப்பு?

சத்துணவு ஊழியர்கள், பள்ளித் தூய்மைப் பணியாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படியுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.



நான் மேடை ஏறுறதுக்கு முன்னாடி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா தன் இடது கையைக் காட்டினாங்க. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கிக் கிடக்குது. சாம்பார் அண்டாவை இறக்கும்போது பிடிதுணி வழுக்கிடுச்சாம். இருபது நாள் வேலைக்குப் போக முடியல. மருந்துச் செலவுக்குக் கம்மலை அடகு வெச்சிருக்காங்க. வேலை போயிடுமோன்னு பயந்து, பதிலுக்குச் சமைக்க மகளை அனுப்பியிருக்காங்க.

"யார்கிட்டயாவது எழுதிக் கொடுத்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"யார்கிட்டப்பா எழுதிக் கொடுக்கிறது?" என்று திருப்பிக் கேட்டாங்க.

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைக்கு என் பேச்சு.

பள்ளிக்கூடம் என்றால் நமக்குப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஆனால் அது ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற இடமும்கூட. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபிறகு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சமையற்கூடம் வந்தது. 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தபிறகு விடியற்காலையிலேயே அடுப்பு எரிகிறது. கொதிக்கிற உலை, எரிவாயு உருளை, வழுக்குகிற தரை, கழிப்பறை கழுவுகிற ஆசிட். ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருக்கிற அத்தனை ஆபத்தும் அங்கே இருக்கு. ஆனால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்த்த இடத்தைப் பொதுவாக எட்டிப் பார்த்ததில்லை. நம்ம சமையற்கூடத்தில் இருப்பது மூன்று பேர். சில இடத்தில் ஒரே ஒரு ஆள். அங்கே எந்த ஆய்வாளர் வரப்போறார்?

கும்பகோணத்தை மறக்க முடியுமா? 2004 ஜூலை 16. சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ, கூரைக்குத் தாவி, மேலே வகுப்பறைக்குப் போனது. 94 குழந்தைகள். சமையல் செய்கிற ஆளுக்குப் பாதுகாப்பு இல்லாத கூரையின் கீழே, பிள்ளைக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை அந்த நாள் காட்டிவிட்டது. ஊழியர் பாதுகாப்பும் மாணவர் பாதுகாப்பும் வேறு வேறு கோப்பு இல்லீங்க. ஒரே கோப்பு.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? விசாரணை ஆணையம் வந்தது. கூரைகள் அகற்றப்பட்டன. 2009-ல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கிற உரிமையும் சேர்ந்ததுதான் என்று சொல்லி, எல்லாப் பள்ளிகளிலும் தீத்தடுப்பு ஏற்பாடுகளுக்கு உத்தரவிட்டது. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2014 ஆனது. இழப்பீட்டுக்காகப் பெற்றோர்கள் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள்.

2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் போனார்கள். மறுபடியும் ஆய்வு, மறுபடியும் இடிப்பு உத்தரவு, மறுபடியும் நிவாரண அறிவிப்பு. ஒவ்வொரு முறையும் உயிர் போனபிறகுதான் நாம விழிக்கிறோம்.

ஏன் இப்படி? என் பதில் இதுதான். சேதத்துக்குப் பணம் கொடுக்கிறவர் ஒருவர், சுவரைப் பழுது பார்க்க வேண்டியவர் இன்னொருவர். நிவாரணம் ஒரு கணக்கிலிருந்து வருது. பராமரிப்பு இன்னொரு துறையின் கணக்கில் கிடக்குது. அந்த அக்காவின் கை வெந்ததற்கு எந்தக் கணக்கிலும் ஒரு ரூபாய் குறையல. அதனால யாருக்கும் வலிக்கல. அடுத்த பள்ளியிலும் அதே வழுக்குத் தரை, அதே பிடிதுணி.

இதற்கு ஒரு பழைய மருந்து இருக்கு. பேராவூரணிப் பக்கம், கீரமங்கலம் பக்கம் போனீங்கன்னா மொய் விருந்து வைப்பாங்க. ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத செலவை ஊரே ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து தாங்கும். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. காப்பீட்டின் அடிப்படையும் அதேதான். எல்லோரும் கொஞ்சம் போடுகிறோம், அடிபட்டவருக்கு நிறைய போகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். ஒரு மாவட்டத்தில் ஆயிரம் பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியின் பெயரிலும் ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஒதுக்கினால் 20 லட்சம். ஒரு பள்ளியில் தீக்காயச் சிகிச்சைக்கு 3 லட்சம் ஆனால், அந்தப் பள்ளி தனியாகத் தாங்காது. ஆயிரம் பள்ளி சேர்ந்தால் தலைக்கு 300 ரூபாய்தான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்பாங்க. நடந்திருக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பள்ளி மாவட்டங்கள் தனித்தனி உள்ளாட்சி அமைப்புகள். ஊழியருக்கு அடிபட்டால் அந்த மாவட்டம்தான் பொறுப்பு. 1970-களில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின, சில இடங்களில் காப்பீடு தரவே மறுத்தன. பள்ளி மாவட்டங்கள் என்ன செய்தன? பல மாவட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து, அந்த மாநிலச் சட்டப்படி கூட்டு அமைப்புகளை உருவாக்கி, தங்கள் பணத்தையே பொது நிதியாக்கிக்கொண்டன. பெரிய சேதத்துக்கு மட்டும் மறுகாப்பீடு வாங்கின.

இதில் நாம கவனிக்க வேண்டியது பணத்தை இல்லை. பொது நிதி சொந்தப் பணம் ஆனதும், விபத்து நடந்தால் நம்ம பணம் போகுதே என்ற அக்கறை வந்தது. அந்த அமைப்புகளே பாதுகாப்பு ஆட்களைப் பள்ளிகளுக்கு அனுப்பின. தரை வழுக்குதா, பாரம் தூக்க ஊழியருக்குப் பயிற்சி இருக்கா, சின்னக் காயம்கூட பதிவாகுதா என்று பார்க்கிற ஏற்பாடு வந்தது. கொடுக்கிற கையும் தடுக்கிற கையும் ஒன்றாகிவிட்டது.

நம்ம நாட்டிலும் இந்தத் தத்துவம் புதுசு இல்ல. வேலையில் அடிபட்டால் முதலாளி பொறுப்பு என்று 1923-லேயே சட்டம் வந்தது. 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. மில் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால், குணமாகும் வரைக்கும் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் வீடு தேடி வரும். இதே மாதிரி சமூகப் பாதுகாப்பு சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களுக்கும் வேண்டும் என்று 2013-ல் 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரையைக் கையில் வைத்துக்கொண்டு நம்ம அக்காமார்கள் இன்னும் தெருவில் நிற்கிறாங்க.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே" என்பார்கள். இருக்கு, நல்ல திட்டம்தான். அது மருத்துவமனைச் செலவைப் பார்க்கும். வீட்டில் படுத்திருந்த இருபது நாள் சம்பளத்தை யார் தருவது? தரையைச் சரி செய்வது யார்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று, மாவட்டம்தோறும் அரசுப் பள்ளிகளுக்குப் பொதுப் பாதுகாப்பு நிதி. சமையலர், உதவியாளர், தூய்மைப் பணியாளர், காவலர், ஆசிரியர், ஒப்பந்த ஊழியர் அனைவரும் அதில் வர வேண்டும்.

இரண்டு, முழுத் தொகையும் அரசு செலுத்த வேண்டும். குறைந்த சம்பளம் வாங்குகிறவர் கூலியில் பிடிக்கவே கூடாது.

மூன்று, அந்த நிதியில் ஒரு பங்கு தடுப்புக்கு மட்டும். தீயணைப்பான், ரப்பர் கையுறை, வழுக்காத தரை, எரிவாயுக் குழாய் மாற்றம், கட்டட ஆய்வு.

நான்கு, ஒவ்வொரு பள்ளியிலும் விபத்துப் பதிவேடு. எழுதுகிறவரைத் தண்டிக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்றேன். விபத்து குறைந்ததாகக் காட்ட, விபத்தை மறைக்கிற பழக்கம் வந்துவிட்டால் எல்லாமே பாழ்.

அரசு செய்யும் வரை நாம கையைக் கட்டிக்கிட்டு உட்காரலாமா? கூடாது. இதைப் படிக்கிற ஒவ்வொரு தோழரும் மூன்று வேலை செய்யுங்கள்.

முதலாவது, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களில் பதிவு பெற்ற எரிவாயு வாடிக்கையாளர்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கு. அதற்குத் தனியாக யாரும் பணம் கட்ட வேண்டாம். பதிவான முகவரியில் நடக்கும் எரிவாயு விபத்தில் உயிரிழந்தால் 6 லட்சம் வரை, காயத்துக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை. உங்கள் ஊர் சத்துணவு மையத்தின் இணைப்பு எந்த முகவரியில் பதிவாகியிருக்கு என்று போய்க் கேளுங்கள். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது, பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு போதும். அரசு யாருடையது என்று பார்க்காதீங்க, அந்தக் காசு மக்களுடையது. உங்கள் பள்ளி ஊழியர்களை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோரிக்கை நிறைவேறும் வரை இது ஒரு குடை. கூரை கேட்பதை நாம நிறுத்தப் போவதில்லை.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் சமையற்கூடத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். உருளை எங்கே இருக்கு, கதவு வெளிப்பக்கம் திறக்குதா, சுவரில் விரிசல் இருக்கா. பார்த்ததைத் தீர்மானமாக எழுதுங்கள். எழுதாத குறை, இல்லாத குறைதான்.

தோழர்களே, மேடையை விட்டு இறங்கியதும் அந்த அக்காவிடம் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுக்கப்போறேன். தேதி, நேரம், என்ன நடந்தது, எத்தனை நாள் வேலை போச்சு, எவ்வளவு செலவு. அவங்க சொல்லட்டும், நான் எழுதுறேன். மாவட்ட ஆட்சியரிடம் நாம போகும்போது அதுதான் முதல் தாள்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு அக்கா இருந்தால், இரண்டாவது தாளை நீங்கள் எழுதி அனுப்புங்கள். ஆயிரம் தாள் சேர்ந்தால் அதை எந்தக் கோப்பிலும் ஒளித்து வைக்க முடியாது.

உழைக்கும் கரங்களைக் காப்போம்! பள்ளிப் பிள்ளைகளைக் காப்போம்!



#பாதுகாப்பானபள்ளி #உழைக்கும்கைக்குஉரிமை