எச்.ஐ.வி. தடுப்பு ஜெல் தரும் பாடம்
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



எச்.ஐ.வி. பாலுறவால் பரவுவதைத் தடுக்க ஆணுறை உண்டே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கணவர் அதை மறுத்தால் மனைவி என்ன செய்வார்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 'மைக்ரோபிசைடு'. கிருமித் தொற்றைத் தடுக்க, பெண் தானே பிறப்புறுப்பினுள் இட்டுக்கொள்ளும் மருந்து அது.

முதலில் நம்பப்பட்டது நொனாக்சினால்-9. விந்தணுவைக் கொல்லும் இந்த வேதிப்பொருள் சோதனைக்குழாயில் எச்.ஐ.வி.யையும் அழித்தது. ஆனால் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் நடந்த ஆய்வின் முடிவு 2000-இல் வெளியானபோது, அதை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் தொற்று கூடியிருந்தது. உட்சவ்வையே அது புண்ணாக்கியிருந்தது. சோதனைக்குழாய் வேறு, உடல் வேறு.

பிறகு தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் குரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தலைமையில் 889 பெண்களிடம் டெனோஃபோவிர் ஜெல் ஆராயப்பட்டது. புதிய தொற்று 39 விழுக்காடு குறைந்தது. 2010 ஜூலையில் வியன்னா மாநாட்டில் இதை அறிவித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்து வந்தது 'வாய்ஸ்' ஆய்வு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள் பங்கேற்றனர். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஜெல். நாள்தோறும் பயன்படுத்த வேண்டும். பலன் கிட்டவில்லை. பெரும்பாலோர் தவறாமல் பயன்படுத்துவதாகவே சொல்லியிருந்தனர். ஆனால் ஜெல் பெற்றவர்களின் இரத்த மாதிரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில்தான் மருந்து இருந்தது. பின்னர் மனம்விட்டுப் பேசச் செய்தபோது காரணம் தெரிந்தது. துணைவர் என்ன நினைப்பார், நோயாளி என்று ஊர் பேசுமோ என்ற அச்சம்!

அச்சப்பட்டவரைப் பழித்துப் பயனில்லை. நாள்தோறும் நினைவில் வைக்கத் தேவையில்லாத, பிறர் கண்ணில் படாத மருந்து வேண்டும். டாபிவிரின் மருந்து கலந்த வளையம் அப்படிப்பட்டது. உள்ளே வைத்தால் ஒரு மாதம் இருக்கும். தொற்றை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்ததாக 2016-இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது.

நம் வகுப்பறைக்கு வருவோம். "புரிந்ததா?" என்கிறோம். "புரிந்தது சார்" என்று வகுப்பே சொல்கிறது. விடைத்தாளில்தான் உண்மை தெரிகிறது. உடனே மாணவரைக் கடிந்துகொள்கிறோம். "புரியவில்லை" என்று அஞ்சாமல் சொல்ல நாம் இடம் கொடுத்தோமா?

இனப்பெருக்கப் பாடத்தில் இது இன்னும் முக்கியம். நாமே கூச்சப்பட்டுப் பக்கத்தைப் புரட்டினால், இது பேசக்கூடாத ஒன்று என்றுதான் மாணவி கற்றுக்கொள்வாள். நாளை அவள் உயிருக்கே ஆபத்து வரும்போதும் வாய் திறக்கமாட்டாள். அந்தப் பக்கத்தை நிறுத்தி, நிதானமாக நடத்துவோம்.